‘மனம் மாறிவிட்டது’ என்று தட்டிவிட்டேன், பணம் திரும்ப வருமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். அப்பா ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர், சம்பா போட்டிருக்கிறார். புகையான் பூச்சி தெரிகிறது, மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை என்றார். பெரிய ஆன்லைன் கடை ஒன்றில் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் ஒன்றை நவம்பர் 4 அன்று ஆர்டர் போட்டு, ஊர் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன். 3,850 ரூபாய், யுபிஐயில் கட்டினேன். 9-ஆம் தேதி வரும் என்றார்கள், 18-ஆம் தேதிதான் வந்தது. ‘12-க்கு 12 பேட்டரி’ என்று போட்டிருந்தார்கள். வந்ததில் ‘12-க்கு 8’, கொள்ளளவு குறைந்த பேட்டரி. தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தோம், சீக்கிரமே இறங்கிவிட்டது. ரிட்டர்ன் போடும்போது ‘பொருள் வேறு’ என்று தட்டினால் வீடியோ கேட்டது. ஊரில் சிக்னல் இல்லாததால் வீடியோ ஏறவில்லை. அவசரத்தில் ‘மனம் மாறிவிட்டது’ என்று தட்டிவிட்டேன். 22-ஆம் தேதி எடுத்துப் போனார்கள். டிசம்பர் 1 அன்று, ‘பயன்படுத்திய பொருள், உதிரி பாகம் குறைவு, ரீஃபண்ட் மறுக்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. சார்ஜரைப் பெட்டியில் வைக்க மறந்தது உண்மைதான். கஸ்டமர் கேரில் கேட்டால் ‘கேஸ் க்ளோஸ்’ என்கிறார்கள். விற்றவர் போனில் கூப்பிட்டு, ஒரு ஸ்டார் போட்டதை எடுத்தால் 1,000 ரூபாய் அனுப்புகிறேன், லிங்க்கைத் தொடு என்கிறார். பொருளும் போய், பணமும் போய் நிற்கிறோம். கோர்ட்டுக்குப் போகலாமா? போட்டோக்கள் இணைத்துள்ளேன்.

பதில்: தம்பி, முதலில் அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். நமக்குப் பணம் வருவதற்கு லிங்க்கும் வேண்டாம், யுபிஐ பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் கேட்டாலே நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே தொட்டு ஏதாவது போயிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். அந்த ஆள் உண்மையிலேயே விற்றவர்தானா என்பதுகூட நமக்குத் தெரியாது. ஆர்டர் விவரம் கையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் அப்படிப் பேசலாம். சமரசம் பேச விரும்பினால் ஆப்பில் எழுத்தில் பேசட்டும்.

நீங்கள் அனுப்பிய 23 படங்களையும் உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் கஸ்டமர் கேர் ரோபோ ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று சொன்ன படங்கள். அவற்றால் ஒரு பயனும் இல்லை. ஆனால் 17-ஆவது படத்தைக் கவனித்தீர்களா? பொருள் வந்த 18-ஆம் தேதி இரவு 9.40-க்கு, ஆப்பில் விற்றவருக்கு மெசேஜ் போடும் இடத்தில், பேட்டரியின் ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்பி, ‘சார் 12-க்கு 12னு போட்டு 12-க்கு 8 அனுப்பிருக்கீங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அனுப்பியதையே மறந்திருப்பீர்கள். உங்கள் வழக்கே இந்தப் படம்தான்.

ஏனென்றால், ‘மனம் மாறிவிட்டது’ என்று நீங்கள் தட்டியதைத்தான் அவர்கள் தூக்கிப் பிடிப்பார்கள். பொருள் நன்றாகத்தான் இருந்தது, இவருக்குத்தான் வேண்டாமாம் என்பார்கள். அந்தக் காரணத்தைத் தட்டியது 19-ஆம் தேதி. அதற்கு முந்தின இரவே பொருள் வேறு என்று படத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அவர்களுடைய ஆப்பிலேயே, அவர்களுடைய கடிகாரம் போட்ட நேரத்தோடு. ரிட்டர்ன் பட்டியலில் ஒரு பொத்தானைத் தட்டியதால் முந்தின நாள் எழுதியது அழிந்துவிடாது. வீடியோ ஏறாமல் நின்ற படத்தையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள், அது 19-ஆவது படம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன நடந்தது என்பது யாருக்கும் புரியும்.

பேட்டரி ஸ்டிக்கர் இருக்கும் அந்த 17-ஆவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கரின் ஒரு மூலை பிரிந்திருக்கிறது, அடியில் வேறு ஏதோ அச்சு தெரிகிறது. அதை வைத்து ‘மேலே ஒட்டி ஏமாற்றினார்கள்’ என்று எழுத உங்களுக்கு ஆசை வரும். எழுதாதீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, பேட்டரியும் இப்போது நம்மிடம் இல்லை. 8 என்ற எண் தெளிவாகத் தெரிகிறதே, அது போதும்.

இந்த 12, 8 கணக்கைப் படிக்கிறவருக்குப் புரியும்படி ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். வோல்ட் இரண்டிலும் 12தான். அடுத்த எண் ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பது. 12 என்று காசு வாங்கிக்கொண்டு 8 கொடுத்தால் மூன்றில் இரண்டு பங்குதான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சார்ஜில் 12 டேங்க் அடிக்க வேண்டிய இடத்தில் 8 டேங்க்கோடு நின்றுவிடும் என்று எழுதுங்கள். வயல் பார்க்காதவருக்கும் விளங்கும்.

ஆன்லைன் கடைக்காரர் பக்கத்தை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். இன்வாய்ஸைப் பாருங்கள். பொருளின் பெயர் இருக்கும் கட்டத்திலேயே ‘12வோ x 12ஆ’ என்று அச்சாகியிருக்கிறது. பில் போட்டவரே தந்த வாக்குமூலம் அது. அதே பில்லில் விற்றவரின் பெயர், விலாசம், ஜிஎஸ்டி எண் மூன்றும் இருக்கின்றன. அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் எந்தப் பெயரில் பதிவு, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது காசில்லாமல் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தையும் ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 என்று ஒன்று இருக்கிறது. அதில் 6-ஆவது விதி விற்பவருக்கானது. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமல் இருந்தாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ, திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. ‘ரீஃபண்ட் கிடையாது, மாற்றித் தருவது மட்டும்’ என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தாலும், இந்த மாதிரிப் பொருளுக்கு அது செல்லாது.

பிந்தி வந்ததையும் சேர்த்துக்கொள்ளலாமா என்றால், ஒரு வரியில் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்தால் பிந்தினால் அந்த விதி பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. நவம்பர் மாதம் டெல்டாவில் மழை பெய்தது என்று நிரூபிக்க அவர்களுக்குச் சாட்சியா வேண்டும்? அந்தக் களத்தில் இறங்கினால் பேட்டரியை விட்டுவிட்டு மழையைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்போம்.

‘பயன்படுத்திய பொருள்’ என்பதற்கும் பதில் இருக்கிறது. அடித்துப் பார்க்காமல் பேட்டரி குறைவு என்று எப்படித் தெரியும்? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே, வாங்குகிறவர் பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது. வர்ணனை சொல்லி விற்றால் பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தண்ணீர் மட்டும்தான் ஊற்றினோம் என்று நீங்கள் சொல்வது உண்மை என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பா ஒரு டேங்க் மருந்தும் அடித்துப் பார்த்திருந்தால் அதை மறைக்காதீர்கள். பெட்டியைத் திறந்தவருக்கு வாசனை வந்திருக்கும்.

அவர்கள் சோதித்தோம் என்கிறார்களே, அந்தச் சோதனையின் போட்டோ எங்கே, அறிக்கை எங்கே? நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லி மூட்டையை ஓரம் தள்ளினால் உங்கள் அப்பா என்ன செய்வார்? மீட்டரைக் காட்டு என்பாரா இல்லையா? இங்கேயும் அதேதான். பெட்டி வந்து சேர்ந்தபோது எடுத்த படம், எடை, பிரித்த தேதி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். 22-ஆம் தேதி எடுத்துப் போன பையன் கொடுத்த ரசீதில் எடை குறித்திருந்தால் அதுவும் உங்களுக்குச் சாட்சி.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? கஸ்டமர் கேர் போனில் அல்ல. அங்கே நீங்கள் பேசிய இரண்டு மணி நேரத்துக்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதே மின் வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். ஆப்பின் கடைசியில், யாரும் போகாத மூலையில் இருக்கும். தேடுங்கள். புகார் போய் 48 மணி நேரத்துக்குள் அவர் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாருக்கு ஒரு எண்ணும் தர வேண்டும். ‘கேஸ் க்ளோஸ்’ என்று போனில் சொன்னவர் இந்த அலுவலர் இல்லை. அவரிடம் நீங்கள் இன்னும் போகவே இல்லை, ஆகவே எதுவும் முடிந்துவிடவும் இல்லை.

மின்னஞ்சலை இப்படி எழுதுங்கள். கோபம் வேண்டாம், கதையும் வேண்டாம்:

“ஆர்டர் எண் இன்னது. நவம்பர் 4 அன்று 3,850 ரூபாய் செலுத்தி, 12 வோல்ட் 12 ஆம்பியர்-அவர் பேட்டரி கொண்ட ஸ்பிரேயர் வாங்கினேன். இன்வாய்ஸ் இணைப்பு 1. நவம்பர் 18 அன்று வந்த பொருளில் இருந்தது 8 ஆம்பியர்-அவர் பேட்டரி. அன்றிரவு 9.40-க்கே படத்துடன் விற்பனையாளருக்குத் தெரிவித்தேன், இணைப்பு 2. 19-ஆம் தேதி ரிட்டர்ன் கோரியபோது வீடியோ பதிவேறாததால், இணைப்பு 3, வேறு காரணத்தைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. உண்மையான காரணம் இணைப்பு 2-இல் உள்ளது. சார்ஜர் தவறுதலாக எங்களிடம் தங்கிவிட்டது. சொன்னால் உடனே ஒப்படைக்கிறேன், அல்லது அதன் நியாயமான விலையைக் கழித்துக்கொள்ளலாம். 22-ஆம் தேதி முதல் பொருள் உங்கள் வசம் உள்ளது. பொருளையும் பணத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. முழுத் தொகையையும் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்பவும். மறுப்பதாக இருந்தால் சோதனை அறிக்கையையும் படங்களையும், விற்பனையாளரின் முழு விலாசம், மின்னஞ்சலையும் எழுத்தில் தரவும்.”

இவ்வளவுதான். சார்ஜர் விஷயத்தை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். அவர்கள் சொல்லி நாம் ஒப்புக்கொள்வதைவிட நாமே சொல்லிவிட்டால் அதன் பல் போய்விடும். ஒரு சார்ஜருக்காக 3,850 ரூபாயையும் வைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது. கடைசி வாக்கியத்தில் விற்றவரின் விலாசத்தைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. வாங்கியவர் எழுத்தில் கேட்டால் அதை ஆன்லைன் கடை தந்தாக வேண்டும் என்பது 5-ஆவது விதி. நாளை ‘நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்றவரைப் பாருங்கள்’ என்று கைகழுவப் பார்த்தால், பார்க்க விலாசம் கேட்டோமே என்று சொல்லலாம். மின்னஞ்சலோடு நிற்காமல் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் போட்டு, போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் எடுத்து வையுங்கள்.

இதோடு 1915-க்கும் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழில் பேசலாம். புகாரைப் பதிந்துகொண்டு நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அது கோர்ட் இல்லை, அவர்கள் உத்தரவு போட முடியாது. ஆனாலும் இந்த அளவுத் தொகைகள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுவதை நான் பார்த்து வருகிறேன். ‘ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்’ என்று பதில் வந்தால், நம்பி உட்காராமல் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கி, பாங்கி கணக்கில் சரிபாருங்கள்.

ஒரு மாதம் போயும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே என்னையோ வேறு வக்கீலையோ கூட்டிப் போக வேண்டாம். என் ஃபீஸைச் சொன்னால் நீங்களே இன்னொரு ஸ்பிரேயர் வாங்கிக்கொள்ளலாம் என்பீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களே மனு எழுதி, பிரமாண வாக்குமூலம் இணைத்துப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம், வீடியோ வழி விசாரணை கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. எதிர்மனுதாரராக விற்றவர், ஆன்லைன் கடை இருவரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார்.

எந்த ஊரில் போடுவது? முன்பெல்லாம் எதிராளி இருக்கிற ஊரையோ, விவகாரம் நடந்த ஊரையோ தேட வேண்டும். இப்போது புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். நீங்கள் போட்டால் திருப்பூர். பணம் கட்டியது நீங்கள் என்றாலும், உங்கள் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவர் என்ற முறையில் அப்பாவும் நுகர்வோர்தான். அவர் போட்டால் திருவாரூர். எனக்கு அப்பா பெயரில் போடுவதுதான் சரியென்று படுகிறது. நீடாமங்கலத்தில் ரயிலேறினால் திருவாரூர், உங்களுக்குக் கம்பெனியில் லீவு போட வேண்டியதில்லை. பொருளைப் பார்த்தவரும் அடித்துப் பார்த்தவரும் அவர்தானே.

‘விவசாயத்துக்கு வாங்கியது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று ஒரு வாதம் வரும். வராமல் இருக்காது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியது வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோர்தான் என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆறு மா சம்பாவுக்கு மருந்தடிக்க வாங்கிய ஸ்பிரேயரை வணிகம் என்று யார் சொல்வது? மனுவில் ‘குடும்பப் பிழைப்புக்கான சொந்த விவசாயம்’ என்று ஒரு வரி மறக்காமல் எழுதுங்கள்.

என்ன கேட்பது என்பதில் அளவோடு இருங்கள். 3,850, அதற்கு வட்டி, இடையில் டேங்க் கணக்கில் ஆள் வைத்து மருந்தடித்த கூலி, அலைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு தொகை. கூலிக்கு ரசீது இருக்காது, அப்பா வாக்குமூலத்தில் எத்தனை டேங்க், எவ்வளவு என்று சொல்லட்டும். மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று எழுதி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 3,850 ரூபாய்ப் பொருளுக்கு அப்படிக் கேட்டால் உண்மையான பகுதியையும் சந்தேகமாகப் படிக்க வைக்கும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மேலும் இழுக்கும், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். மனு போட இரண்டு வருஷம் அவகாசம் இருப்பதால் 1915-இல் பதில் வரும்வரை பொறுக்கலாம்.

அந்த ஒரு ஸ்டாரை எடுக்க வேண்டாம். ஆனால் ‘திருட்டுக் கடை’ என்று எழுதியிருப்பதை மட்டும் மாற்றி, 12 என்று போட்டு 8 வந்தது என்று வையுங்கள். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ஆளின் போன் நம்பரைப் போடும் எண்ணம் இருந்தால், அதுவும் வேண்டாம்.

திருப்பூரில் இருந்துகொண்டே இன்றிரவு மின்னஞ்சலை அனுப்பிவிடலாம். அப்பாவிடம் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அந்தச் சார்ஜரை வேறு எந்தப் பேட்டரிக்கும் செருகாமல், ஒரு கவரில் போட்டு, மேலே ஆர்டர் எண்ணை எழுதிப் பரணில் வைக்கட்டும்.